செவிலியின் மகள்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

    

வளரும் மகளுக்கும் தாய்க்கும் உள்ள உறவு கவிதையில் எவ்வாறு மாறி வந்துள்ளது என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். முதலில் நாம் தயங்கினோம். கல்விச் சங்கத்தின் விழாவில் விடுதியைப் பற்றியும் உதவித்தொகையைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் பேசுவதன்றோ முறை? கவிதைக்கு இங்கு என்ன வேலை?

அத்தயக்கத்தைப் போக்கியது நம் அலுவலக மேசையருகே நாம் கண்ட ஒரு காட்சி. பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய மகளை வெளியூர்க் கல்லூரியில் சேர்ப்பதற்காக ஒரு தாய் வந்திருந்தாள். விண்ணப்பத்தை நாம் எழுதி முடித்தோம். பெற்றோர் கையொப்பம் இட வேண்டிய இடத்தில் அவள் மை தடவிய பெருவிரலைக் கொண்டு வந்தாள், ஆனால் அழுத்தவில்லை. தாளுக்கு மேலே ஓர் அங்குலத்தில் அவ்விரல் நின்றது. மகள் சாளரத்தின் வழியே வெளியே பார்த்துக் கொண்டிருந்தாள். மை உலர்ந்துவிட்டது, மறுபடியும் தடவ வேண்டியதாயிற்று. அந்தச் சிறுபொழுதில் அத்தாயின் நெஞ்சில் ஓடியது எதுவோ, அதையே தமிழ்ப் புலவர்கள் ஈராயிரம் ஆண்டுகளாகப் பாடி வந்திருக்கின்றனர். ஆகவே பொருள் நம்முடையதுதான் என்று துணிந்தோம்.

சங்கப் பாடல்களில் ஒரு பாகுபாடு தெளிவாகத் தெரிகிறது. புறப்பாடல்களில் தாய் பேசினால் பெரும்பாலும் மகனைப் பற்றிப் பேசுகிறாள். போரும் வீரமும் அங்கே பொருள். அகப்பாடல்களிலோ தாய் மகளைப் பற்றியே பேசுகிறாள். மகன் போனால் ஊர் அறியப் போகிறான், பறை முழங்குகிறது. மகள் போனால் ஒருவரும் அறியாமல் போகிறாள். விடிந்த பிறகே தாய்க்குத் தெரிகிறது.

அகப்பாடல்களின் தாயரும் இருவர். ஈன்றவள் நற்றாய். வளர்த்தவள் செவிலித்தாய். இந்த இரண்டாமவளை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உரையின் இடையில் அவளிடம் நாம் திரும்பி வருவோம்.

மகள் வளர்வதைத் தாய் நாள்தோறும் காண்பதில்லை என்பது புலவர்கள் நுட்பமாகக் கண்டறிந்த உண்மை. பந்தும் பாவையும் கழங்கும் கிளியுமாகத் திரிந்தவள் ஒருநாள் அவற்றைத் தொடாமல் அமர்ந்திருக்கிறாள். உடல் மெலிகிறது. அழைத்தால் செவி சாய்ப்பதில்லை. தாய் என்ன செய்கிறாள்? மகள் வளர்ந்துவிட்டாள் என்று எண்ணுவதில்லை. நோயுற்றாள் என்றே எண்ணுகிறாள். வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகிறாள். ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு, முருகனின் சீற்றம் என்று காரணம் கற்பிக்கிறார்கள். காரணம் மலையிலிருந்து வந்த ஓர் இளைஞன் என்பதைத் தோழி அறிவாள். அவள் உள்ளூர நகைக்கிறாள். நாமும் நகைக்கலாம். ஆயினும், நம் தெருக்களில் பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்த பெண்ணுக்குத் தாயத்து முடிந்துவிடுகிறவர்களை நினைத்தால் நகைப்பு பாதியில் நின்றுவிடும். மகளின் மனத்தில் தமக்குத் தெரியாத ஓர் அறை உண்டு என்பதை ஏற்றுக்கொள்வது தாய்மார்க்கு எளிதன்று. பேயின்மேல் பழிபோடுவது எளிது.

ஐயம் முற்றினால் தாய் மகளை வீட்டைவிட்டு வெளியேற விடாமல் காப்பாள். இதனை இற்செறிப்பு என்பர். அன்புடைய தாயே காவலாளியாக மாறும் கட்டம் இது. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திப் பெண்ணை வீட்டில் அமர்த்துகிறோமே, அதற்குப் பழந்தமிழில் முன்பே பெயர் இருந்தது.

இனி, உண்மை எப்படி வெளிப்படுகிறது? அறத்தொடு நிற்றல் என்று அதற்கு ஒரு துறை வகுத்துள்ளனர். தலைவி தன் உள்ளத்தைத் தோழியிடம் சொல்வாள். தோழி செவிலியிடம் சொல்வாள். செவிலி நற்றாயிடம் சொல்வாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் குறிப்பால் உணர்த்துவாள். எத்துணைக் கைமாறிச் செல்கிறது பாருங்கள், ஒரு பெண்ணின் ஒரு சொல்! ஒரே கூரையின் கீழ் ஒரே அடுப்பில் உண்ணும் தாயும் மகளும் நேர்நின்று பேசுவதில்லை. இடையில் இருவர் வேண்டியிருக்கின்றனர். நாம் இன்று பேச வந்ததன் உயிர்நிலை இங்கேதான் உள்ளது.

சொல் சென்று சேராதபோது மகள் தலைவனோடு புறப்பட்டுவிடுகிறாள். உடன்போக்கு என்னும் இத்துறையில்தான் தாயின் கவிதை முழு உயரத்திற்கு எழுகிறது. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் 371 முதல் 380 வரையுள்ள பத்துப் பாடல்கள் முழுவதும் மகளைப் பறிகொடுத்த தாயின் இரங்கலே. கயமனார் என்னும் புலவர் இத்தாயின் துயரைப் பலமுறை பாடியவர். நற்றிணை 184இல் வரும் தாய்க்கு ஒரே மகள். அவள் போய்விட்டாள். தாங்கிக்கொள் என்கின்றனர் அயலார். எப்படித் தாங்குவது என்று கேட்கும் அத்தாய், மகள் விளையாடிய நொச்சியையும் திண்ணையையும் காட்டுகிறாள். மரமும் திண்ணையும் இருந்த இடத்தில் இருக்கின்றன. அவைதாம் அவளைச் சுடுகின்றன. போகிற மகளும் இதை அறியாதவள் அல்லள். நற்றிணை 12ஆம் பாடலைப் பாடியவர் கயமனார். அதில் வரும் பெண் விடியற்காலையில் புறப்படும்போது, தன் பந்தையும் சிலம்பையும் கண்டு ஆயத்தார் வருந்துவரே என்று கலங்கி நிற்கிறாள். பிரிவு இரு பக்கத்திலும் அறுக்கும் வாள் என்பதைக் கயமனார் நன்கு அறிந்தவர்.

இத்தாய் மகளைச் சபிக்கிறாளா? சினம் உண்டு, ஆற்றாமை உண்டு, அவனுடைய தாயும் இவ்வாறே துன்புறட்டும் என்று சொல்லும் வெறுப்பும் ஓரிடத்தில் உண்டு. ஆயினும் அவள் மீண்டும் மீண்டும் வேண்டுவது ஒன்றே: அவள் போகும் வழியில் வெயில் தணியட்டும், நிழல் உண்டாகட்டும், மழை பெய்யட்டும். தன்னைக் கேளாமல் போன மகளுக்குத் தாய் கொடுக்கும் சீர் அது. தன் துணையைத் தானே தேர்ந்தாள் என்பதற்காகச் சாதியின் பெயரால் பெண்ணையும் அவள் துணைவனையும் வெட்டி வீழ்த்தும் நாட்டில் இருந்துகொண்டு நாம் இதைப் படிக்கிறோம். சங்கத் தமிழைத் தம் குலச்சொத்து என்று மேடைதோறும் முழங்குவோர் இந்தத் தாயை ஒருமுறை படிக்கலாம்.

செவிலி வீட்டில் அமர்ந்து புலம்புவதில்லை. அவள் காட்டு வழியே தேடிப் போகிறாள். கலித்தொகை 9ஆம் பாடல் புகழ்பெற்றது. வழியில் எதிர்ப்பட்ட முக்கோல் அந்தணரிடம், இப்படியொரு இணையைக் கண்டீரோ என்று கேட்கிறாள். கண்டோம் என்கின்றனர் அவர்கள். சந்தனம் மலையில் பிறந்தாலும் பூசுவோர்க்கன்றி மலைக்கு என்ன பயன்? முத்து கடலில் பிறந்தாலும் அணிவோர்க்கன்றி நீருக்கு என்ன பயன்? யாழில் பிறந்த இசை யாழுக்கு என்ன பயன்? உம் மகளும் உமக்கு அத்தகையவளே என்று தேற்றுகின்றனர். மேடையில் இதனை எடுத்துக்காட்டாத தமிழாசிரியர் இலர். நாமும் மாணவராய் இருந்தபோது மனப்பாடம் செய்து பரிசு பெற்றோம். இன்று வயது ஏறிய பின் படிக்கையில் அது நமக்கு ஆறுதலாய் இல்லை. சந்தனம், முத்து, இசை மூன்றும் பிறர் நுகர்வதற்கான பொருள்கள். மலைக்கும் பயனில்லை, பூசுவோர்க்கே பயன் என்றால், மகள் தனக்குத் தானே என்னவாக இருக்கிறாள்? அக்கேள்வி அங்கே எழவில்லை. பாட்டின் அழகை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த விடையைக் கேட்டுச் செவிலி என்ன சொன்னாள் என்று பாட்டில் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

மகள் இல்லறத்தில் அமர்ந்தபின் தாயின் பார்வை மறுபடியும் மாறுகிறது. போதனார் பாடிய நற்றிணை 110இல், சிறுமியாய் இருந்தபோது தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்திச் சிறுகோல் காட்டி மிரட்டினாலும் உண்ண மறுத்து ஓடியவள், இன்று கணவன் வீடு வறுமையுற்றபோதும் தந்தையின் வளமான சோற்றை நினையாமல், ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்டு வாழ்கிறாள். இவ்வறிவை எங்குக் கற்றாள் என்று தாய் வியக்கிறாள். கூடலூர்கிழார் பாடிய குறுந்தொகை 167இல், தயிர் பிசைந்த விரலை உடையில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் பட, புளிக்குழம்பு ஆக்கிப் படைத்த மகளைக் கண்டு வந்து செவிலி நற்றாயிடம் சொல்கிறாள். ஐங்குறுநூற்றிலும் பேயனார் பாடிய முல்லைப் பகுதியில் செவிலி கூற்றுப்பத்து என ஒரு பகுதி உண்டு.

இங்கே சற்று நிற்போம். பொற்கலத்தைக் கண்டு நாம் மயங்கிவிட வேண்டா. அந்தச் சிறுமியின் பின்னால் பந்தலைச் சுற்றி ஓடிக் களைத்தவர்கள் யார்? நரைத்த கூந்தலையுடைய செவிலியர். ஊட்டியவள் செவிலி. காட்டில் தேடிக் கால் தேய்ந்தவள் செவிலி. மருமகன் வீடுவரை நடந்துபோய்ச் செய்தி கொண்டு வந்தவளும் செவிலி. சரி, அவளுக்கு ஒரு மகள் இல்லையா? இருந்தாள். தொல்காப்பியம் களவியலில் அவளை நமக்குக் காட்டுகிறது: தலைவியின் தோழி என்பவள் செவிலியின் மகள்.

தோழியை நீங்கள் அறிவீர்கள். அகப்பாடல்களில் நூற்றுக்கணக்கானவை அவள் வாயிலாகவே வருகின்றன. அவளுடைய அறிவும் நகைச்சுவையும் துணிவும் இல்லாவிட்டால் தலைவியின் காதல் ஓரடியும் நகராது. ஆனால் அவள் பேசுவதெல்லாம் தலைவியைப் பற்றியே. அவள் எப்போது வளர்ந்தாள்? அவள் மெலிந்தபோது யார் கவலையுற்றார்? அவள் ஒருநாள் புறப்பட்டுப் போயிருந்தால் செவிலி எந்தத் திண்ணையைப் பார்த்து அழுதாள்? ஒரு பாடலும் இல்லை. இது புலவர்களின் மறதியும் அன்று. அடியோரும் ஏவல் தொழில் செய்வோரும் அன்பின் ஐந்திணைக்கு உரியரல்லர், அதற்குப் புறத்தே உள்ள கைக்கிளைக்கும் பெருந்திணைக்குமே உரியர் என்று உரையாசிரியர்கள் இலக்கணத்திற்கு விளக்கம் தந்துள்ளனர். பிறர் ஏவலின்படி நடப்பவர்க்கு அன்பை முறையாக நடத்தும் ஓய்வும் உரிமையும் இல்லை என்பது அவர்கள் கூறும் காரணம்.

செவிலி நம் குலத்தாள் என்று நாம் சொல்ல வரவில்லை. அதற்குச் சான்றில்லை, சான்றில்லாப் பெருமை நமக்கு வேண்டா. ஆனால் பிறர் பிள்ளையை இடுப்பில் சுமந்து, தன் பிள்ளையைத் தரையில் விட்டுச் சென்ற தாய்மார் நம் தெருவில் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம். நடவுக்குப் போகும் தாய் வரப்போரத்து மரக்கிளையில் பழஞ்சேலையால் தூளி கட்டிக் குழந்தையை இட்டுவிட்டு, பொன்னால் தொட்டில் என்றும், மாமன் முத்து கொண்டு வருவான் என்றும் பாடியிருக்கிறாள். அந்தத் தூளியை ஆட்டியவள் யார்? ஏழு வயது மூத்த மகள். தம்பியை இடுப்பில் வைத்து வைத்து அவளுடைய இடுப்பே ஒருபுறம் சாய்ந்துவிட்டது. நம் வீடுகளில் மூத்த பெண் மகளாய் வளர்ந்ததில்லை; சிறு செவிலியாகவே வளர்ந்தாள். தாய்க்கும் அவளுக்கும் இடையே பேச்சு என்பது பெரும்பாலும் வேலையைப் பற்றிய பேச்சே. அன்பு இல்லாமலா? இருந்தது. அதைச் சொல்லப் பொழுது இல்லை.

பழைய நூல்களில் இந்தக் கட்டை அறுத்த தாய் ஒருத்தி உண்டு. 1898இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த மணிமேகலையை எடுத்துப் படியுங்கள். அங்கே பாட்டி சித்திராபதி, தாய் மாதவி, மகள் மணிமேகலை என மூன்று தலைமுறை நிற்கிறது. குலத்தொழில் ஒன்று தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. இந்திர விழாவில் ஆட வா, ஊர் பழிக்கிறது என்று சித்திராபதி வசந்தமாலையை அனுப்புகிறாள். மாதவி மறுக்கிறாள். மணிமேகலை கண்ணகியின் மகள், அவள் தவநெறிக்கே உரியவள் என்று சொல்லியனுப்புகிறாள். தாய்வழி வந்த இழிவைத் துடைக்க, தான் பெற்ற மகளுக்கு வேறொரு தாயின் பெயரைச் சூட்டினாள். இதைவிடக் கடினமான தாயன்பை நாம் எங்கும் படித்ததில்லை. குலத்தொழிலின் கறையை மகளின் மேல் விழாமல் தடுக்கத் தாய்மார் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தனர் என்பது இந்த அவையில் உள்ளவர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அதற்குப் பின் நிகழ்வதுதான் இன்னும் அரியது. தந்தை கோவலனின் முடிவைக் கேட்டு மணிமேகலை வடித்த கண்ணீர் தொடுத்த மாலையில் விழுகிறது. தூய்மை கெட்டது, புதுமலர் கொய்து வா என்று மாதவியே மகளை அனுப்புகிறாள். மலர் கொய்யப் போனவள் மணிபல்லவத் தீவுக்குப் போய்விடுகிறாள். திரும்பி வந்த மகள் தாயிடம் ஒரு செய்தி சொல்கிறாள். முற்பிறப்பில் மாதவியும் சுதமதியும் தனக்குத் தமக்கையர் என்கிறாள். பிறவிக் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கவிதையாக இதன் பொருள் என்ன? உலகம் கண்டு அறிவு பெற்றுத் திரும்பிய மகளின் முன் தாய் தமக்கையாகிவிட்டாள். மேலும் கீழுமாக நின்ற உறவு பக்கத்தில் பக்கத்தில் வந்து அமர்கிறது. சங்கப் பாடல்களில் தாய் வழியைத் தேடினாள். இங்குத் தாய் வழிவிட்டாள்.

இக்காலக் கவிதைக்கு வருவோம். செவிலியின் மகள் எழுதக் கற்றுக்கொண்ட காலம் இது. சுகிர்தராணி போன்றோர் எழுத வந்தபின்தான் நம் வீட்டு மகளின் நெஞ்சு தமிழ்க் கவிதையில் தன் வாயால் பேசியது. பறையைத் தோளில் மாட்டிய தந்தை தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தை மறைத்துக் கடந்துபோன பள்ளிச் சிறுமியை அவர் ஒரு கவிதையில் ஒளிக்காமல் எழுதினார். பின்னர் அவளே வளர்ந்து, கேட்பவர்க்குத் தன் சாதியை வெளிப்படையாகச் சொல்வதையும் எழுதினார். அங்குத் தந்தை, நம்முள் பலர்க்கு அது தாய். விடுதிக்குப் பார்க்க வந்த தாயின் பேச்சைத் தோழியர் கேட்டுவிடுவரோ என்று அவளை வாயிற்படியிலேயே நிறுத்திப் பேசி அனுப்பியவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். நாம் குற்றஞ்சாட்டவில்லை. மகள் பள்ளிக்குப் போகும்போது தாயைவிட்டு ஓர் ஊர் தூரம் போகிறாள்; அவள் கற்கும் மொழியோ அவளை இன்னும் நெடுந்தூரம் கொண்டு போய்விடுகிறது. சங்கத்துப் பாலைநிலத்தைக் காட்டிலும் கடத்தற்கரிய வெளி அது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் நாம் சிறுவராய் இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி அமைகிறோம். எங்கள் தெருவில் முதன்முதலாக வெளியூர் விடுதியில் தங்கிப் படித்த பெண், நமக்கு அக்காள் முறை. அவள் தன் தாய்க்கு மாதம் ஒருமுறை இன்லண்டு கடிதம் எழுதுவாள். அவளுடைய தாய் அதை நம்மிடம் கொண்டு வந்து படிக்கச் சொல்வாள். நாம் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிப்போம். நாலு பேர் கூடிவிடுவர். நலம், நலமறிய ஆவல், படிப்பு நன்றாக நடக்கிறது, தம்பியை அடிக்க வேண்டாம், மழை பெய்ததா? ஒவ்வொரு கடிதமும் ஏறக்குறைய இதே சொற்கள். இத்தனை படித்தவளுக்கு வேறொன்றும் எழுதத் தெரியவில்லையே என்று நமக்குள் ஓர் இளக்காரம்கூட இருந்தது. தெருவே கேட்கப்போகும் கடிதத்தில் ஒரு பெண் வேறென்ன எழுத முடியும் என்பது அந்த வயதில் நமக்கு எட்டவில்லை. தலைவியின் சொல்லைத் தோழியும் செவிலியும் சுமந்தது போலவே நாமும் சுமந்துகொண்டிருந்தோம். இடையில் சுமப்பவன் இருக்கும்வரை சொல் அவ்வளவுதான் வரும்.

1991இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாலையில் விளக்கடியில் பெண்கள் கூடினர். அந்தத் தாயும் போனாள். நாற்று முடியைப் பற்றிப் பழகிய கை. பலகையில் எழுத்துகள் கோணலும் மாணலுமாக வந்தன. பல மாதங்கள் சென்றன. ஒருநாள் கடிதம் வந்தபோது வழக்கம்போல் நாம் கையை நீட்டினோம். அவள் கொடுக்கவில்லை. அந்தக் கடிதம் வழக்கத்தைவிடப் பெரிய பெரிய எழுத்துகளில், இடம் விட்டு விட்டு எழுதப்பட்டிருந்ததை மட்டும் நாம் எட்டிப் பார்த்தோம். அவள் அதைத் திண்ணையின் கோடியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டு, உதடு அசைய, எழுத்துக் கூட்டிப் படிக்கலானாள். பொழுது சாய்ந்தது. அடுப்பு மூட்டவில்லை. ஓரிடத்தில் சிரித்தாள். ஓரிடத்தில் நெடுநேரம் விரலை எடுக்காமல் இருந்தாள். பிறகு கடிதத்தை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து உள்ளே போனாள். என்ன எழுதியிருக்கிறது அத்தை என்று கேட்டோம். உனக்கு எதற்கடா அது என்றாள். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை நமக்குத் தெரியாது.